அம்புப் பலகையைத் திருப்பியது யார்?

அத்தியாயம் நான்கு

பூங்கா வாசலில் விடிந்ததும் கட்டிய கயிறு கட்டியபடியே இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் நின்ற அம்புப் பலகைதான் மாறியிருந்தது. நேற்று மாலை அது கடல் பக்கம் காட்டியது. இன்று காலை சவுக்குத் தோப்பைக் காட்டியது.

“திருப்பிட்டான் சார்,” என்றாள் ரெபேக்காள். “நாம ஊர்லயே கீறோம்னு தெரிஞ்சும் திருப்பிக்கிறான். ஒரு மரியாதைக்காவது இன்னிக்கு ஒரு நாள் சும்மா இருக்கலாம் இல்ல?”

“தெரிஞ்சும் திருப்பினான்னா தைரியசாலின்னு அர்த்தமில்லே,” என்றார் துப்பறியும் வரதன். “நிறுத்த முடியாதவன்னு அர்த்தம்.”

செங்கற்பட்டு ரயிலடிக்கு எதிரே, சைக்கிள் கடை மாடியில் வரதனுக்கு அலுவலகம். ரெபேக்காள் அங்கே தட்டச்சு வேலைக்கு வந்தவள். தட்டச்சு செய்ய ஒன்றும் இல்லாததால் துப்பறிந்தாள்.

வழக்கு இதுதான். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு பாறைக் குன்று. அதைச் சுற்றிப் பூங்கா அமைத்து, ஜனங்கள் காற்று வாங்க உலாப்பாதைகள் போட்டார்கள். ஒன்று தோப்புக்கு. ஒன்று கடற்கரைக்கு. பெரியது குன்றைச் சுற்றி. செம்மண் கொட்டி, ஓரங்களில் சுண்ணாம்படித்த கல் பதித்து, திருப்பத்துக்குத் திருப்பம் அம்புப் பலகை நட்டார்கள். அம்பு வேண்டியிருந்தது. குன்றின் பின்பக்கம் பாதை இரண்டு பாறைகளின் இடுக்கில் போகிறது. ஒருவர் தாராளமாகப் போகலாம். எதிரே இன்னொருவர் வந்தால் யாராவது பின்வாங்க வேண்டும். செங்கற்பட்டு ஜில்லாவில் பின்வாங்குகிறவர்கள் குறைவு. பாதை திறந்த வாரமே இரண்டு குடும்பங்கள் அங்கே முட்டிக்கொண்டு நின்று, சாயங்காலம் வரை பரம்பரையைப் பற்றிப் பேசின. ஆகவே ஒருவழிப் பாதை.

எந்த வழி என்பதை முடிவு செய்தவர் உலாப்பாதைக் குழுவின் தலைவர் ஜா.ரா. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். பகுத்தறிவுக்காரர். பெற்றோர் வைத்த பெயர் ஜானகிராமன். அதில் ராமனை நீக்கினால் ஜானகி மிஞ்சுவாள் என்பதால் முதலெழுத்துகளோடு நின்றுவிட்டார். குன்றின் கடல் பக்கத்தில், பாறை மாடத்தில், பாதை வருவதற்கு முன்பிருந்தே ஒரு சின்னப் பிள்ளையார் இருந்தார். ஊர் வழக்கப்படி குன்று வலக்கைப் பக்கம் இருக்கத்தான் சுற்ற வேண்டும். இடக்கைப் பக்கம் வைத்துச் சுற்றுவது சாவுச் சடங்கில். அதற்காகவே ஜா.ரா. பாதையை இடக்கைப் பக்கமாக வைத்தார். “பிள்ளையாரை அகற்ற மாட்டேன். பொருட்படுத்தவும் மாட்டேன்,” என்று திறப்பு விழாவில் முழங்கினார். பலத்த கைதட்டல்.

அப்புறம்தான் பலகைகள் திரும்ப ஆரம்பித்தன. முதல் பஸ்ஸில் வருகிறவர்கள் பார்க்கும்போது சில பலகைகள் இப்படிக் காட்டும், சில அப்படிக் காட்டும். போன வாரம் ஒரு வக்கீல் பாறை இடுக்கில் பின்வாங்க மறுத்து, விழுந்து, காலை முறித்துக்கொண்டார்.

சந்தேகம் சோடாக்கடை பஷீருதீன்மேல் விழுந்தது. குழு சொன்ன வழியில் நடந்தால் அவர் கடை ஆரம்பத்திலேயே வந்துவிடும். யாருக்கும் தாகம் இருக்காது. எதிர்வழியில் வந்தால் தோப்புப் பக்க ஏற்றம் ஏறி, இடுக்கில் நசுங்கி, நாக்கு தொங்கக் கடைக்கு வந்து சேருவார்கள். இதைவிடத் தெளிவான காரணம் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. இன்று நாலு மணிக்குக் குழு கூடுகிறது. கடையை எடுக்கச் சொல்லும் தீர்மானம் தயார். “ஆதாரம் கொண்டாங்க” என்று பஷீருதீன் மட்டும் கேட்டுவிட்டார். ஆதாரமில்லாமல் எதையும் நம்பாதே என்று ஊருக்குச் சொல்லிவந்தவர் ஜா.ரா. கேட்டவனை மறுத்தால் கொள்கை என்ன ஆவது? வரதனுக்கு ஆள் அனுப்பினார்.

நேற்று மாலை வரதன் ஒரே ஒரு வேலை செய்தார். பெருக்குகிற சந்திரம்மாவிடம் சொல்லி, கூட்டம் கலைந்தபின் பாதை முழுவதையும் பெருக்க வைத்தார். விடிந்ததும் வாசலில் கயிறு கட்டி யாரையும் விடாதே என்றார்.

சந்திரம்மா கயிற்றுப் பக்கம் துடைப்பத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

“யாரையும் விட்லியே?” என்றார் வரதன்.

“ஒரு ஈ காக்கா விடல சார். நான் வரசொல்லவே பலக திரும்பிக்கினு கீது. வாத்தியார் பொண்ணு அறிவுக்கொடி வந்துச்சு. மாசமா கீது இல்ல, டாக்டரு நடக்கச் சொல்லிக்கிறாராம், தெனம் மொத ஆளா வரும். கயித்தப் பாத்துட்டு ‘சரி சந்திரம்மா’ன்னு திரும்பிப் பூட்ச்சு. தங்கமான பொண்ணு. அப்பன் மாரி பேசாது.”

கயிற்றைத் தாண்டி உள்ளே போனார்கள். பெருக்கிய செம்மண்ணில் துடைப்பக் கோடுகள் வரிவரியாக இருந்தன. கோடுகளின் மேல் ஒரே ஒரு ஆளின் தடம். தோப்புப் பக்கமாகக் கிளம்பி, கம்பத்துக்குக் கம்பம் நின்று, குன்றைச் சுற்றியிருந்தது.

“டயர் செருப்பு,” என்றாள் ரெபேக்காள் குனிந்து பார்த்து. “கேஸ் முடிஞ்சுது சார். இந்த ஊர்ல டயர் செருப்பு போட்டவன் எல்லாரையும் புடிச்சி உள்ள போட்டா, வெளிய நிக்கிறவங்க செருப்பே இல்லாதவங்கதான்.”

இடுக்கைத் தாண்டிப் பிள்ளையார் மாடத்தை நெருங்கும்போது தடம் மாறியது. செருப்புத் தடம் நின்றது. வெறுங்கால் தடம் ஆரம்பித்தது. மாடத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் மறுபடியும் செருப்பு.

“முள்ளு குத்தியிருக்கும்,” என்றாள்.

“முள் குத்தினா ஒரு செருப்பைத்தான் கழட்டுவான்.”

ரெபேக்காள் மாடத்தைப் பார்த்தாள். பிள்ளையார் நேற்றைய செம்பருத்தியோடு உட்கார்ந்திருந்தார்.

“அப்ப பஷீர் பாய் இல்ல.”

“ஏன்? மரியாதைக்குக் கழட்டக்கூடாதா?”

“பத்துப் பேரு பாக்கசொல்ல கழட்டலாம் சார். ஆளே இல்லாத நேரத்துல, பலக திருப்ப வந்த எடத்துல, யாருக்காகக் கழட்டுவாரு?”

வரதன் மூக்குப்பொடி டப்பாவைத் திறந்தார். திருப்தி வந்தால் அதைத் திறப்பார். “பக்தியுள்ள ஆள். பாதை இடமாப் போறது பொறுக்கலே. இந்த ஊர்ல பக்தி யாருக்கு அதிகம்?”

அந்தச் செம்பருத்தி சந்திரம்மாவின் வீட்டுச் செடியில் பூத்தது. வாசலுக்குத் திரும்பி வந்து கேட்டார்கள். அவள் கால் இரண்டையும் நீட்டிக் காட்டினாள். வெடித்த வெறுங்கால். செருப்பு போட்டு நடந்த கால் இல்லை.

“நானா? நான் ஏன் சார் திருப்பப் போறேன்? பெருக்கசொல்ல இப்பிடியும் போறேன், அப்பிடியும் வரேன். இதுக்கெல்லாம் கோச்சிக்கினா அவரு இன்னா சாமி? ‘நைனா, வேலையா கீறேன், கண்டுக்காத’ன்னு சொல்லிட்டுப் பூடுவேன்.”

ரெபேக்காள் சிரித்தாள். வரதன் சிரிக்கவில்லை. டப்பாவை மூடினார்.

“பக்தி உள்ளவளுக்குப் பயமில்லே,” என்றார். “நாம தேடறது பக்தியுள்ள ஆளை இல்லே, ரெபேக்கா. பயமுள்ள ஆளை.”

*

பஷீருதீனின் கடை என்பது ஒரு சரிவுக் கூரை, ஒரு பெஞ்சு, தண்ணீர்த் தொட்டியில் கழுத்தளவு மூழ்கிய கோலி சோடாப் பாட்டில்கள். அவர் கூரைக் கீற்றுகளை இப்போதே அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

“தீர்மானம் சாயங்காலம்தான் பாய்,” என்றாள் ரெபேக்காள்.

“அவங்க வந்து பிரிச்சா கீத்து கிழிஞ்சி பூடும் தங்கச்சி. நானே பிரிச்சா வூட்டுக்காவது ஆவும்.” ஒரு பாட்டிலை எடுத்துத் துடைத்து, கட்டைவிரலால் கோலியை அழுத்தி நீட்டினார். “கடப்பாக்கத்துல என் சம்சாரத்தோட அண்ணன் மீன் ஏலம் எடுக்கிறாரு. அங்க போயி கை கட்டி நிக்கணும். நிப்பேன், அது பெரிசில்ல. ஆனா திருட்டுத்தனம் பண்ணவன்னு ஊர்ல பேரு வாங்கிக்கினு போயி நிக்கறது வேற. மச்சான் மொகத்த நான் எப்டி பாக்குறது? எம் புள்ளைங்கள நாளைக்கு யாரு கேட்டு வருவாங்க?”

“நீங்க திருப்பலேன்னா யார் திருப்பினாங்கன்னு நெனைக்கிறீங்க?” என்றார் வரதன்.

“அல்லாவுக்குத் தெரியும். அவரு வந்து குழுவுல சொல்ல மாட்டாரு.”

ரெபேக்காள் சோடாவைக் குடித்து முடித்தாள். காலிப் பாட்டிலைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்தாள்.

*

மத்தியானம் ஜா.ரா.வே வந்து பாதையைச் சுற்றிக் காட்டினார். கதர் சட்டை, வெள்ளைத் துண்டு, எளிமைக்காக டயர் செருப்பு. வாயைத் திறந்தால் மேடை.

“இந்த வட்டத்தை நான் காம்பஸ் கொண்டு வரைந்தேன்,” என்றார். “குன்றுதான் வட்டமாக இல்லை. அது இயற்கையின் பிழை.”

கடல் பக்கமாகக் கிளம்பினார்கள். குன்று இடக்கைப் பக்கம் இருந்தது. சாய்விருக்கை எந்தெந்த இடத்தில், மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் வடிய வேண்டும், அடுத்த வருஷம் குளம் வரை எப்படிப் பாதையை நீட்டலாம் என்று வழியெல்லாம் விளக்கினார். அத்தனையும் நல்ல யோசனைகள். சோடாக்கடையைத் தாண்டும்போது அந்தப் பக்கம் பார்க்காமல் பேசினார். பிள்ளையார் மாடம் கண்ணில் பட்டதும் நின்றார்.

“இங்கிருந்து கடல் அழகாகத் தெரியும்,” என்றார்.

கடல் வழியெல்லாம் அப்படித்தான் தெரிந்துகொண்டிருந்தது.

வரதன் பையிலிருந்து டேப்பை எடுத்தார். “வக்கீல் விழுந்த எடத்தை அளக்கணும். அடுத்தாப்பலதானே இடுக்கு? நான் இந்த முனையைப் பிடிச்சுக்கறேன். நீங்க அந்த முனையை எடுத்துண்டு மாடத்தைத் தாண்டி அந்தப் பாறைகிட்டே நில்லுங்கோ.”

கூப்பிடு தூரம்கூட இல்லை. கையெட்டும் தூரத்தைவிடக் கொஞ்சம் அதிகம். ஜா.ரா. டேப்பின் முனையை வாங்கினார். மாடத்தைப் பார்த்தார். முனையைப் பக்குவமாக ஒரு கல்மேல் வைத்தார்.

“தோப்புப் பக்கம் ஒரு பலகை ஆடுவதாகச் சொன்னார்கள். அதைப் பார்த்துவிட்டு அப்படியே அந்தப் பக்கமாக வந்து பிடிக்கிறேன்.”

வந்த வழியே திரும்பிப் போனார்.

ரெபேக்காள் வாயைப் பிளந்தாள். “சார்! அந்தப் பாறைக்குப் போக குன்றையே சுத்திக்கினு போறாரா? வெயில் மண்டையப் பொளக்குது!”

“டேப்பைக் கீழே போடாதே,” என்றார் வரதன். “பிடிச்சுண்டு நில்லு. மனுஷன் வருவார்.”

நின்றார்கள். ஒரு ஓணான் டேப்பின்மேல் ஏறிப் பார்த்துவிட்டுப் போயிற்று. வெகுநேரம் கழித்து, பாறை இடுக்கிலிருந்து ஜா.ரா. வெளிப்பட்டார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மூச்சு வாங்கியது. குன்று இப்போது அவருடைய வலக்கைப் பக்கம் இருந்தது. மாடத்தைத் தாண்டி இவர்களிடம் வந்து, கல்மேல் இருந்த டேப்பின் முனைக்காகக் குனிந்தார். குனிய முடியவில்லை. ஒரு கையில் துண்டு. இன்னொரு அக்குளில் எதுவோ இடுக்கியிருந்தது.

“சார்,” என்றாள் ரெபேக்காள் பணிவாக. “செருப்ப இப்பிடிக் குடுங்க. நான் வெச்சிக்கிறேன். டேப்பு புடிக்கக் கை வேணும் இல்ல?”

ஜா.ரா. தன் அக்குளைப் பார்த்தார். பிறகு தன் கால்களைப் பார்த்தார். அந்த வெறுங்கால்களை அவர் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்க்கிறவர்போல இருந்தது.

வரதன் டேப்பைச் சுருட்டினார்.

“உங்களுக்காகப் பண்ணலேன்னு தெரியும்,” என்றார். “உங்களுக்காகன்னா நீங்க மட்டும் வலமாச் சுத்திட்டுப் போயிருப்பேள். பலகை எதுக்கு? அம்பைப் பார்த்து நடக்கற இன்னொருத்தருக்காக. தெனம் முதல் ஆளா வர்ற ஒருத்தருக்காக.”

ஜா.ரா. பாறைமேல் உட்கார்ந்தார். மேடைப் பேச்சு போய்விட்டது.

“திறப்பு விழாவுல அவதான் மொதல்ல நடந்தா,” என்றார். “வயித்துல புள்ள. எல்லாரும் கை தட்டுனாங்க. நானும் தட்டுனேன். ராத்திரி அவளுக்குக் காய்ச்சல். வெறும் காய்ச்சல்தான். மறுநாளே விட்டுடுச்சு. எனக்குத்தான் விடல.”

“மாத்திச் சுத்துமான்னு சொல்லியிருக்கலாமே சார்?” என்றாள் ரெபேக்காள்.

“இன்னான்னு சொல்றது? குழந்தையிலேர்ந்து அவளுக்கு ஒண்ணே ஒண்ணுதான் சொல்லிக் குடுத்தேன். பயப்படாதேன்னு. அவ அதக் கத்துக்கிட்டா.” துண்டால் முகத்தைத் துடைத்தார். “விடியறதுக்குள்ள திருப்புவேன். அவ சுத்தி முடிச்சதும் பழையபடி மாத்தி வெக்கலாம்னு போவேன். பாதிதான் மாத்தியிருப்பேன், அதுக்குள்ள முதல் பஸ் வந்துடும்.”

“அதுக்குள்ள ஒரு வக்கீல் கால ஒடச்சிகினாரு. அதுக்குள்ள ஒரு ஆளு கீத்தப் பிரிச்சிகினு கீறாரு,” என்றாள் ரெபேக்காள். வேடிக்கையாகச் சொல்லவில்லை.

ஜா.ரா. கடலைப் பார்த்தார். இந்தத் தடவை அழகாக இருக்கிறது என்று சொல்லவில்லை.

“நாலு மணிக்கு நீங்க பேரைச் சொல்லணும்,” என்றார் வரதன். “நீங்க சொல்லலேன்னா நான் சொல்லுவேன்.”

*

நாலு மணிக்குப் பூங்கா வாசலில் குழு கூடியது. ஊரில் வேறு பொழுதுபோக்கு இல்லாததால் ஊரும் கூடியது. பஷீருதீன் தூரத்தில், கட்டிய கீற்றுக்கட்டின்மேல் கை வைத்து நின்றார். முன்வரிசையில் அறிவுக்கொடி நாற்காலியில் உட்கார்ந்து அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜா.ரா. எழுந்தார். தொண்டையைச் செருமினார். மகளைப் பார்த்தார். ரெபேக்காளுக்கு ஒரு கணம் அந்த மனிதர்மேல் பரிதாபமாகக்கூட இருந்தது.

“பலகைகளைத் திருப்பியவர் பஷீருதீன் அல்லர்,” என்றார் ஜா.ரா. “திருப்பியவன் நான்.”

குழு பஷீருதீனைத் திரும்பிப் பார்த்தது.

“ஆம், நான்தான்!” குரல் உயர்ந்தது. மேடை திரும்பி வந்துவிட்டது. “ஏன் திருப்பினேன்? நம் மக்கள் அம்பைப் பார்த்து நடக்கிறார்களா, பழக்கத்தைப் பார்த்து நடக்கிறார்களா என்று அறிய! இது ஒரு சோதனை! அறிவியல் சோதனை! சோதனை முடிந்தது. நாளை முதல் அம்புகள் மீண்டும் நம் வழியையே காட்டும்! இடையில் இன்னல் அடைந்த வக்கீல் ஐயாவுக்கும், பழி சுமந்த பஷீருதீன் அவர்களுக்கும் என் வணக்கம்!”

கைதட்டல் கடல் வரை கேட்டிருக்கும். யாரோ ஒரு மாலைகூடக் கொண்டுவந்தார்கள். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. இந்த மாதிரி நேரத்துக்கு என்று எங்கோ தயாராக வைத்திருப்பார்கள் போலும்.

“சார், இது அநியாயம்,” என்று ரெபேக்காள் பல்லைக் கடித்தாள். “மாட்டிக்கினு மால வாங்கிக்கினாரே!”

“பேரைச் சொல்லச் சொன்னேன். சொல்லிட்டார். உண்மைக்குச் சட்டை போட்டுவிடாமச் சொல்லுன்னு கேட்க முடியுமா?”

அவள் ஒரு கணம் யோசித்தாள். பிறகு இரண்டு கையையும் வாய்க்குக் குவித்து, கூட்டத்தின் பின்னாலிருந்து கத்தினாள்: “நாளைலேர்ந்து தலைவரே தெனம் முன்னால நடந்து வழி காட்டணும்!”

“ஆமா! தலைவர் நடக்கணும்!” என்றது ஊர்.

மாலைக்கு மேல் தெரிந்த முகம் வெளுத்தது. ஆனால் கை தட்டுகிறவர்களுக்கு முன்னால் மறுத்துப் பழக்கமில்லாத மனிதர்.

தீர்மானம் கைவிடப்பட்டது. பஷீருதீன் கீற்றுக்கட்டை மறுபடி தலையில் தூக்கிக்கொண்டு சரிவில் ஏறினார். ரெபேக்காளைத் தாண்டும்போது நின்றார்.

“சோதனையாமே தங்கச்சி?”

“ஆமா பாய்.”

“கீத்தப் பிரிச்சி மறுபடி வேயறது நானு. சோதனை அவருக்காம்.” தலைச்சுமையைச் சரிசெய்துகொண்டு நடந்தார்.

*

மறுநாள் காலை வரதனும் ரெபேக்காளும் பஸ் வருவதற்கு முன்னால் சோடாக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கூரை பாதி வேய்ந்திருந்தது. கீழே சரிவில் ஊர் வந்துகொண்டிருந்தது. முன்னால் ஜா.ரா., அவர் பக்கத்தில் அறிவுக்கொடி, ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு. குன்று இடக்கைப் பக்கம். பின்னால் குழு, குழுவுக்குப் பின்னால் நேற்றுக் கை தட்டியவர்கள் எல்லாரும்.

ஜா.ரா. கடைக்கு வந்தார். அடுத்த திருப்பத்தில் மாடம். நின்றார். நெற்றியைத் துடைத்தார்.

“சோடா,” என்றார்.

பஷீருதீன் ஒன்றை உடைத்துக் கொடுத்தார். தலைவர் குடித்ததால் குழுவும் குடித்தது. குழு குடித்ததால் ஊரும் கையை நீட்டியது. ஜா.ரா. ரொம்ப மெதுவாகக் குடித்தார். ஒரு சோடாவை அதற்கு மேல் மெதுவாகக் குடிக்க முடியாது என்கிற கட்டம் வந்ததும் பாட்டிலை வைத்தார்.

“திரும்புவோம்,” என்றார்.

“ஏம்ப்பா?” என்றாள் அறிவுக்கொடி. “முழுசும் சுத்தணும்னு நீங்கதானே சொன்னீங்க?”

“சொன்னேன் அம்மா. போய்த் திரும்பி வருவதுதான் உடலுக்கு நல்லது என்று இப்போது புதிதாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அறிவியல் நின்ற இடத்தில் நிற்காது.”

மகள் அப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மாடம் இருந்த திருப்பத்தையும் பார்த்தாள். பிறகு, “சரிப்பா, திரும்பலாம். எனக்கும் கால் வலிக்குது,” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இருவரும் திரும்பினார்கள். தலைவர் திரும்பியதால் குழு திரும்பியது. மீதி நடையும் இடுக்கும் மிச்சமானதில் யாருக்கும் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. பின்னால் ஏறி வந்த மீதி ஊரும் கடை வரை வந்து, குடித்து, திரும்பியது.

“காம்பஸால வரைஞ்ச வட்டம்,” என்றார் வரதன். “சோடாக்கடைக்குப் போற கோடாப் போச்சு.”

“தங்கச்சி, ஒரு கை புடி,” என்று பஷீருதீன் கூப்பிட்டார். தொட்டியில் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன. ரெபேக்காள் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு எழுந்து, காலிப் பாட்டில்களை அலம்பினாள்.

வரிசையின் கடைசியில் வந்தவன் ஒருவன் மூச்சு வாங்கக் கடையைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான், புது வழக்கத்தைப் புரிந்துகொண்டான்.

“தலைவரு ஆயிரம் சொல்லட்டும்,” என்றான் பக்கத்தில் நின்றவனிடம். “கடசீல யாருக்கு லாபம், பாத்தியா? நான் அப்பவே சொன்னேன், எல்லாம் இந்த பாய் வேலைன்னு.”

சொல்லிவிட்டுச் சோடாவுக்குக் கையை நீட்டினான்.

பஷீருதீன் அவனைப் பார்த்தார். ரெபேக்காளைப் பார்த்தார். பிறகு தொட்டிக்குள் கையை விட்டு, அடியில் கிடந்த, இருப்பதிலேயே குளிர்ந்த பாட்டிலாகத் தேடி எடுத்து, அவனுக்கு உடைத்துக் கொடுத்தார்.